பண்ருட்டிப் பெரியவரின் இரண்டு ரைஃபிள்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் கடைசியில், மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் மகனோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயது 74. கையில் துப்பாக்கி இல்லை. என் வீட்டுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது என்று போனிலேயே சொல்லியிருந்தேன். துணிப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்தவை மூன்று: லைசென்ஸ் புத்தகம், நீளமான ஒரு கணக்கு நோட்டு, பழைய கண்ணாடி ஜாடி நிறையக் காலித் தோட்டாக்கள்.

நான் பட்டாளத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். படைப்பிரிவின் ஆயுதங்களைப் பிரித்து, பார்த்து, பழுது நீக்கித் திருப்பிக் கொடுக்கும் வேலை. ஊருக்கு வந்த பிறகும் பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் “தேறுமா, தேறாதா” என்று கேட்டு வருவதுண்டு. இந்தக் குடும்பத்தின் கேள்வி அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

பெரியவர் லைசென்ஸில் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று இசாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 (இந்த எண்கள் அந்தந்த ரைஃபிள் சுடும் தோட்டாவின் அளவுப் பெயர்கள்). இன்னொன்று பர்மிங்ஹாமில் செய்த, மவுசர் வகை போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) கொண்ட .30-06. இது அவருடைய அப்பா 1960-களில் வாங்கியது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ 25 வருஷம் அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அதற்காகத்தான் கிளம்பியிருந்தார்கள். ஆனால் 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டபின் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்க முடியாது. அதற்கு முன் மூன்று. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே கணக்குத்தான். மகன் பெயரில் ஏற்கெனவே ஒரு 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது. ஆக, இரண்டு ரைஃபிளில் ஒன்றுதான் அவருக்கு வரும். மற்றது துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டும்.

எது தங்குவது, எது போவது?

மகன் மனதில் முடிவு பாதி ஆகியிருந்தது. “.30-06 பேரல் போயிடுச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க அண்ணே. அப்பா சுட்டாலே ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுது. .315 புதுசு மாதிரி இருக்கு. அதைக் கேட்டும் ஆள் வந்தாச்சு. ஆனா நாங்க அதையே வச்சுக்கிட்டு, இதைத் தள்ளிடலாம்னு பார்க்குறோம்” என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு கேள்விகள், ஒன்றல்ல

பழைய ரைஃபிளைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் “நல்லாச் சுடுமா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குண்டு ஒரே இடத்தில் விழுகிறதா என்பது ஒன்று. தோட்டா வெடிக்கும்போது இந்த இரும்பு அதைத் தாங்குமா, சுடுகிறவன் முகம் பத்திரமா என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. சிதறிச் சுடும் ரைஃபிள் உடம்பில் முழு ஆரோக்கியத்தோடு இருக்கலாம். கச்சிதமாகச் சுடும் ரைஃபிள் அடுத்த தோட்டாவில் கண்ணைப் பறிக்கலாம். அதனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை முதல் கேள்விக்காக ஒரு தோட்டா கூடப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பார்வை முழுவதும் லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுபார்ப்பவரின் கடை மேசையில், பெரியவர் முன்னிலையில் நடந்தது. முதலில் எண்கள். .30-06-இல் உடல், குழல், போல்ட் மூன்றிலும் ஒரே எண். .315-இல் உடலில் ஓர் எண், போல்ட் கைப்பிடியில் வேறு எண். எழுத்து வெட்டிய விதமே வேறாக இருந்தது. மகன் இதை அதுவரை கவனித்ததில்லை. துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கட்டையின் பாலிஷைத் தடவிப் பார்ப்பார்கள். லைசென்ஸில் எழுதியிருக்கிற உடல் எண் சரியா என்று பார்ப்பார்கள். போல்ட் எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அங்கேயே நெஞ்சில் ஒரு முள் தைத்தது.

அடுத்து முத்திரைகள். .30-06 குழலில் கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்ற பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரை. 1954 விதிகளுக்குப் பிறகு வந்த அடையாளம் அது. பக்கத்தில் தோட்டா நீளம் 2.494 அங்குலம் என்றும், சதுர அங்குலத்துக்கு 18 டன் என்றும் வெட்டியிருந்தது. இந்தக் குழல் இந்தத் தோட்டாவுக்காக, இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் சோதிக்கப்பட்டது என்பதற்கு இது சாட்சி. முத்திரையைப் படிக்கத் தெரிந்துகொள்வது இந்தப் பக்கத்தில் இன்னும் அவசியம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்துக் குடும்பங்களின் வீடுகளில் சாந்த்-எத்தியேன் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை அப்படி ஒன்றைக் காட்டினார்கள். வேலைப்பாடு கண்ணைப் பறித்தது. ஆனால் புகையில்லா மருந்துக்கு உரிய பி.டி. முத்திரையைக் குழலில் எங்கே தேடியும் காணோம். அழுத்தம் குறைந்த பழைய கரிமருந்துக்குப் பிறந்த குழல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் கிழியலாம். சுவரில் மாட்டி வையுங்கள், சுடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜாடிக்குள் இருந்த சாட்சி

.315-க்கு ஒரு பின்னணி உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் ராணுவத் தோட்டாவான .303-ஐப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருந்தது. அதைச் சுற்றிப் போக, ஆஸ்திரியாவின் 8×50 மன்லிக்கர் தோட்டாவை எடுத்து, லீ வகை ரைஃபிளுக்குப் பொருத்தி இந்தியச் சந்தைக்கு விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதே அளவை இசாப்பூர் தொடர்ந்தது. அதனால்தான் இந்தியாவில் தெருவுக்குத் தெரு தெரிந்த இந்த அளவை வெளிநாட்டில் பலருக்கு அடையாளம் தெரியாது. லீ வகையில் போல்ட் பின்பக்கம்தான் பூட்டிக்கொள்ளும். தோட்டாவின் அடிவிளிம்பு குழல் விளிம்பில் உட்காரும். அந்த விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே விடப்படும் இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் உயிர். ஆங்கிலத்தில் ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். கடைக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். போல்ட் மாறினால் இந்த இடைவெளியும் மாறும்.

.315-க்கான அளவுகோல் அந்தக் கடையில் இல்லை. .30-06-க்கு இருந்தது. சரி, அளவுகோல் இல்லையென்றால் சுட்ட தோட்டாவே சொல்லும் என்று ஜாடியைக் கவிழ்த்தோம்.

இங்கேதான் பெரியவரின் நோட்டுக்கு மதிப்பு வந்தது. வாங்கிய தேதி, எத்தனை தோட்டா, எப்போது சுட்டது, மீதி எவ்வளவு என்று 1983 முதல் வரி வரியாக எழுதியிருந்தார். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அவர் வேட்டைக்குப் போனதில்லை. பயிர்க் காவலுக்கான லைசென்ஸ். வருஷத்துக்கு மூன்று நாலு தோட்டா, தோப்பில் ஏரிக்கரை மண்மேட்டை இலக்காக வைத்துச் சுட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். காலிகளைக் காகிதத்தில் சுற்றி, வருஷம் எழுதி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். புதிய தோட்டா வாங்கும்போது காலியைக் காட்டச் சொல்வார்கள் என்று தொடங்கிய பழக்கம்.

1983 முதல் 2006 வரையிலான .315 காலிகள் ஒழுங்காக இருந்தன. அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான ப்ரைமர் அடியோடு சமமாக உட்கார்ந்திருந்தது. உடம்பு ஒரே நிறம். 2010 என்று எழுதிய பொட்டலத்தைப் பிரித்தேன். நாலு காலிகள். நாலிலும் அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு. ப்ரைமர் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வெளியே வந்திருந்தது. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, காலியின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்தேன். அந்தக் கோடு இருந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மகன் கையில் கொடுத்தேன். அவரும் இழுத்துப் பார்த்தார். 2006 காலியில் இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி 2010-இல் இழுத்தார். முகம் மாறிவிட்டது.

அந்தப் பள்ளம் என்ன சொல்கிறது? வெடிக்கும்போது பித்தளையின் முன்பகுதி குழல் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் போல்ட் தள்ளி இருந்தால் அடிப்பகுதி அதைத் தேடிப் பின்னோக்கி நீள்கிறது. நீண்ட இடத்தில் பித்தளை மெலிகிறது. ஒரு நாள் அந்தக் கோட்டிலேயே தோட்டா இரண்டாகப் பிரியும். வெடிவாயு பின்னால் திரும்பும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். 2010-க்குப் பிறகு பெரியவர் அந்த ரைஃபிளில் மொத்தம் பதினேழு தோட்டா சுட்டிருக்கிறார். எல்லாக் காலியிலும் அந்தக் கோடு இருந்தது.

நோட்டில் நடுவே ஒரு வரி: 2009 மக்களவைத் தேர்தலுக்கு டெபாசிட். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்து, முடிவு வந்தபின் வாங்கிக்கொள்வது நம் ஊரில் வழக்கம். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் ஓர் அறையில் அடுக்கி வைக்கப்படும். ஒரே மாதிரி .315 அதில் எத்தனையோ இருக்கும். போல்ட்டைத் தனியே கழற்றி வைத்தால், திருப்பித் தரும்போது மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான் ஆனது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. 2006-க்கும் 2010-க்கும் நடுவே மாறியிருக்கிறது என்பது மட்டும் பித்தளையில் எழுதியிருக்கிறது. ஒப்படைக்கும்போது போல்ட் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவருடைய பழைய போல்ட்டோடு வேறொருவர் வீட்டில் இதே ஆபத்தோடு ஒரு ரைஃபிள் இருக்கக்கூடும் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

.315-ஐ ஒரு தோட்டா கூடச் சுடாமல் ஓரமாக வைத்தோம்.

பெரியவருக்கு இது எளிதாக இறங்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த பழைய இலக்குத் தாளைக் காட்டினார். 1987 என்று எழுதியிருந்தது. “இதைப் பாருங்க தம்பி. மூணும் ஒரு ரூபாக் காசுக்குள்ள விழுந்திருக்கு. இதையா சுடக் கூடாதுங்குறீங்க?” என்றார். உண்மையிலேயே அழகான தாள். நான் சொன்னது இதுதான்: “அய்யா, அது அப்போ இருந்த போல்ட்டோட சுட்டது. இப்ப இருக்கிறது வேற ரைஃபிள் மாதிரிதான்.” சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. மூன்று குண்டு ஒட்டி விழுவது எந்த ரைஃபிளிலும் என்றாவது ஒரு நாள் நடக்கும். நடந்த நாளின் தாளைத்தான் எல்லோரும் ஒட்டி வைக்கிறார்கள். ரைஃபிளின் குணம் தெரிய ஐந்து ஐந்தாக, இரண்டு மூன்று தடவை, சுட்ட எதையும் விடாமல் அளக்க வேண்டும்.

“பேரல் போயிடுச்சு”

அடுத்தது .30-06. இதில் இரும்பு சரியாக இருந்தது. போல்ட்டின் முன்பூட்டுகள் இரண்டிலும் மார்க்கர் மை தடவி மூடித் திறந்தோம். இரண்டிலும் ஒரே அளவு மை அழிந்தது. அதாவது இரண்டும் சமமாகச் சுமை தாங்குகின்றன. ஹெட்ஸ்பேஸ் அளவுகோலில் ‘கோ’ (குறைந்தபட்ச அளவு) போட்டால் போல்ட் மூடியது, ‘நோ-கோ’ (தாண்டக் கூடாத அளவு) போட்டால் மூடவில்லை. சேஃப்டி பிடித்தது. போல்ட்டை வேகமாக அடைத்தும், கட்டையின் அடியைத் தரையில் தட்டியும் பார்த்தோம், ட்ரிகர் நழுவவில்லை. காலிகளில் அந்தப் பளபளப்புக் கோடு இல்லை.

அப்படியானால் சிதறல் எங்கிருந்து வருகிறது?

கடையில் “போயிடுச்சு” என்று சொன்னதற்குக் காரணம் குழலுக்குள் எட்டிப் பார்த்ததும் தெரிந்தது. உள்ளே மங்கல், இருட்டு. ஆனால் இருட்டான குழல் எல்லாம் செத்த குழல் அல்ல. குண்டின் மேலுறையிலிருந்து உரியும் செம்பு வருஷக்கணக்கில் படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். அம்மோனியா கலந்த கரைப்பானைப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் சிந்தி — பட்டாளத்தில் துடைப்புத் துணியை அப்படித்தான் சொல்வோம் — மயில் கழுத்து நீலத்தில் வந்தது. நாலு நாள் இதே வேலை. நைலான் பிரஷ்தான் போட வேண்டும். வெண்கலப் பிரஷ் போட்டால் பிரஷ்ஷே கரைந்து நீலம் காட்டும், குழல் சுத்தமானது தெரியாமலே போகும். ஐந்தாம் நாள் துணி வெள்ளையாக வந்தபோது, குண்டைச் சுழற்றி அனுப்பும் சுருள்வரிகள் விளிம்பு கூர்மையாக நின்றன. நடுவில் ஓரிரண்டு இடத்தில் துருக்குழி. பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் இருந்த உப்பு, கடற்காற்று ஈரத்தை இழுத்துச் செய்த வேலை. அந்த உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தால் உப்பின்மேல் எண்ணெய் நிற்கும், அடியில் துரு நடக்கும்.

மகன் மொபைலில் இணைக்கிற கம்பிக் கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதில் பார்த்தால் தொண்டைப் பகுதி, அதாவது சுருள்வரி தொடங்கும் இடம், கோடைகாலத்து ஏரித்தரைபோல் வெடித்துத் தெரிந்தது. பயந்துவிட்டார். அந்தக் கேமராவில் புதுக் குழலைப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். முடிவெடுக்க அது உதவாது. சந்தேகம் எழுப்ப உதவும். ஈயக் குண்டைக் குழலில் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். பள்ள விட்டம் .3085 அங்குலம். இந்தத் தோட்டாவின் .308 அங்குலக் குண்டுக்கு அது போதும்.

அப்புறம் கட்டை. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இவர்கள் வீட்டில் கூரை பறந்து, .30-06 இருந்த மர அலமாரி மூன்று நாள் நனைந்து கிடந்தது. .315 தகரப் பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. அதன் பளபளப்புக்கு அதுதான் காரணம். நனைந்த ரைஃபிளை வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். வால்நட் கட்டை முறுக்கிக்கொண்டது. பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்தேன். வலப்பக்கம் ஓடியது. இடப்பக்கம் நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. மரம் அங்கே குழலை அழுத்திப் பிடித்திருந்தது. முன் ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. நோட்டு எழுதத் தொடங்கிய காலத்தில் வாங்கிய நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பின் கண்ணாடியில் பூஞ்சை, அதன் வளையத்தில் ஆட்டம்.

கடைசியாகக் குழல்வாய். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் விளிம்பு மழுங்கியிருந்தது. காது குடையும் பஞ்சைச் சுற்றித் தடவினேன். எதிர்ப்பக்கத்தில் நார் சிக்கியது. இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டு விட்டு ஐம்பது வருஷம் துடைத்ததன் விளைவு. குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிரிய வேண்டும். விளிம்பு கோணலானால் குண்டைப் பக்கவாட்டில் தட்டிவிடும்.

நூறு கஜம்

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், ரைஃபிள் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து நூறு கஜச் சுடுதளத்துக்குப் போனோம். காலை ஏழு மணிக்குப் பனி விலகி, காற்று அசையாமல் இருக்கும் நேரம். சித்திரை வெயிலில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. கானலில் இலக்கு நடனமாடும்.

லைசென்ஸ் பெரியவருடையது, சுட்டதும் அவரே. அவருடைய கண் ஆபரேஷன் ஆனது. ஆகவே முதலில் அவர் கையைச் சோதிக்க வேண்டியிருந்தது. மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்து, டம்மித் தோட்டா போட்டு, குழல்மேல் ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்து ட்ரிகரை இழுக்கச் சொன்னேன். ஆறு தடவை இழுத்தார். காசு விழவில்லை. அந்த வயதில் அந்த நிதானம் எனக்கு மரியாதை கலந்த சந்தோஷம் தந்தது.

தோட்டா எல்லாம் ஒரே பெட்டி வரிசை. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே இரண்டு நிமிஷம். அளந்தது, ஐந்து துளைகளில் மிகத் தள்ளி விழுந்த இரண்டின் மையத்திலிருந்து மையம் வரை.

கட்டையையும் ஸ்கோப்பையும் தொடாமல், வந்தபடியே சுட்ட முதல் ஐந்து: 172 மி.மீ. ஆனால் அந்தத் தாளில் ஒரு செய்தி இருந்தது. குண்டுகள் தாறுமாறாக விழவில்லை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மேலேயும் வலப்பக்கமும் நகர்ந்து ஏணிப்படி போல் ஏறியிருந்தன. தேய்ந்த குழல் எல்லாத் திசையிலும் சிதறும். குழல் சூடேறச் சூடேற ஒரே திசையில் நகர்ந்தால் மரம் அதைத் தள்ளுகிறது என்று பொருள். இடப்பக்கம் நின்றுபோன பத்து ரூபாய் நோட்டுக்கும் இது பொருந்தியது.

ஸ்க்ரூக்களை இறுக்கி, சங்கத்து நண்பரின் நல்ல ஸ்கோப் ஒன்றை மாட்டினோம். இரண்டு ஐந்துகள்: 118, 124. இங்கே நான் ஒன்றை ஒழுங்காகச் செய்யவில்லை. ஸ்க்ரூவையும் ஸ்கோப்பையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது எவ்வளவு குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது. தோட்டா கணக்கை நினைத்து அவசரப்பட்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதுதான் சரியான வழி.

பிறகு ரைஃபிள் பழுதுபார்ப்பவரிடம் போனது. உருளைக் கம்பியில் உப்புத்தாள் சுற்றி, கட்டையின் பள்ளத்தில் அழுத்தும் இடத்தை மட்டும் தேய்த்து, உள்மரத்துக்கு ஈரம் ஏறாமல் பூச்சு கொடுத்தார். “முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமா அண்ணே? எங்க பக்கம் படகுக்கே அதான்” என்று மகன் கேட்டார். மரத்துக்கு அது நல்ல காவல்தான். ஆனால் தோலைப் பொத்து வைக்கும் எண்ணெய் அது. கன்னம் வைக்கிற பொருளில் கூடாது என்றேன். அடுத்த வாரம் இரண்டு ஐந்துகள்: 74, 81. ஏணிப்படி மறைந்து, துளைகள் வட்டமாக விழுந்திருந்தன.

அதன்பிறகு குழல்வாயை லேத்தில் மெல்லச் சீவிப் புது விளிம்பு எடுத்தார். கடைசி இரண்டு ஐந்துகள்: 47, 55. நூறு கஜத்தில் ஒரு மினிட் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 26.6 மி.மீ. ஆக இது சராசரியில் இரண்டு மினிட்டுக்குக் கொஞ்சம் உள்ளே. புது ரைஃபிளோடு போட்டி போடாது. அறுபது வருஷத்து வேட்டை ரைஃபிளுக்கு இது நல்ல உடல்நிலை. மொத்தம் செலவானது நாற்பதுக்கும் குறைவான தோட்டா.

கடைசி 47 மி.மீ. தாளைப் பெரியவர் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். “எங்கப்பா வாங்கினது தம்பி” என்று மட்டும் சொன்னார்.

ஒப்படைப்பு

மகன் .30-06-ஐத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார்.

.315 விஷயத்தில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டு வந்தவர் நல்ல விலை சொல்லியிருந்தார். பார்வைக்குப் புதிது, போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது; சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மகன் தயங்கியது உண்மை. தோப்பு விவசாயத்தில் அந்தப் பணம் பெரிய பணம். வேறு போல்ட் ஒன்றைத் தேடிப் போட்டு விற்கலாமே என்றும் கேட்டார். அளவுகோல் வைத்துப் பொருத்தி, உரிய இடத்தில் அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்கினால்தான் அது சரி. கிடைத்த போல்ட்டை மாட்டிப் பார்ப்பது இப்போது நடந்திருக்கிற தவறையே திரும்பச் செய்வது என்றேன். முடிவை எடுத்தது பெரியவர்தான். பொட்டலத்திலிருந்து 2010 காலி ஒன்றை எடுத்து மகன் கையில் வைத்து, “இதையும் அவர்கிட்டக் காட்டு. பார்த்துட்டு வேணும்னா வாங்கட்டும்” என்றார்.

கேட்டு வந்தவர் கொக்கியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். ரைஃபிள் லைசென்ஸ் உள்ள கடையில் குறைந்த விலைக்குப் போனது. போல்ட்டைத் தனியே துணியில் கட்டி, “எண் பொருந்தவில்லை, ஹெட்ஸ்பேஸ் அதிகம், சுடக் கூடாது” என்று அட்டை கட்டினோம். இதே வாசகத்தைக் கடிதத்திலும் எழுதி, இரண்டு காலிகளை இணைத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

.30-06-க்குச் சில ஏற்பாடுகள். தோல் உறையில் வைக்க வேண்டாம், தோல் ஈரம் பிடிக்கும். வாய்ப்பக்கமாகக் கம்பி விடக் கூடாது. தோட்டா உட்காரும் சேம்பர் பக்கமிருந்து, பூச்சுப் போட்ட கம்பியால். பழைய தோட்டா சுட்டால் அன்றே வெந்நீர். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பத்து ரூபாய் நோட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2024 நவம்பரில், அடைமழை நடுவே, மகன் போன் செய்தார். இடப்பக்கம் நோட்டு நுனிவரை போகிறது, ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார். தை பிறந்து மரம் காய்ந்ததும் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தேய்க்க வேண்டாம்.